சுங்கை சிப்புட்ல சில நாள்: ஸ்விட்ச்சும் பால்மரமும்

வெள்ளி, ராத்திரி

வருஷ லீவு மிச்சம் கெடந்துச்சு, இப்ப எடுக்கலன்னா போயிடும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, சரின்னு மலேசியா பேராக் மாநிலத்துல இருக்கிற சுங்கை சிப்புட்டுக்கு, அத்தை வீட்டுக்குக் கெளம்பிட்டேன். நான் பொறந்து வளந்தது கிள்ளான்தான், ஆனா அப்பா பக்கம் எல்லாரும் இந்த ஊரச் சுத்தியிருக்கிற ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க, அதனால எங்க ஊருன்னு உரிமையா சொல்லிக்குவேன். பேக்ல ரெண்டு மூணு துணி, கையில வெச்சு கேம் ஆடுற நிண்டெண்டோ ஸ்விட்ச், சார்ஜர், பவர் பேங்க், அவ்ளோதான். ஸ்விட்ச்ல இப்ப ஓடிட்டிருக்கிறது சில்க்சாங், ஸ்டார்டியூ வேலி, வெண்பான்னு மூணு கேமு. ஆடுறத அன்னன்னிக்கு எழுதிப் போடலாம்னு ஒரு ஐடியா, ஊரப் பத்தியும் நடுவுல வரும், ரெண்டையும் பிரிச்சு எழுத எனக்கு வராது.

கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல்ல இடிஎஸ் ரயில் ஏறுனா நேரா சுங்கை சிப்புட்லயே எறங்கிக்கலாம், 2015ல தாய்லாந்து எல்லையில இருக்கிற பாடாங் பெசார் வரைக்கும் மின்சார ரயில் வந்ததுக்கப்புறம் கெடச்ச வசதி இது, சின்ன வயசுல நாங்க ஈப்போவுல எறங்கி பஸ்ஸுக்கு நிப்போம், பஸ்ஸும் எப்ப வரும்னு டிரைவருக்கே தெரியாது. ஸீட்டுல உக்காந்ததும் சில்க்சாங் எடுத்தேன். தெரியாதவங்களுக்கு, இது ஹாலோ நைட்டோட அடுத்த பாகம், ஆஸ்திரேலியா அடிலெய்டுல இருக்கிற டீம் செர்ரின்னு ஒரு குட்டிக் குழு செஞ்சது, 2019ல அறிவிச்சு 2025 செப்டம்பர் 4தான் வெளிய வந்துச்சு, வந்த அன்னிக்கு வாங்குறவங்க கூட்டத்துல ஆன்லைன் கடையெல்லாம் படுத்துருச்சு. வெல 20 அமெரிக்க டாலர்தான். இப்ப வர்ற பெரிய கேம் வெலயெல்லாம் பாத்தா இது தர்மத்துக்குக் குடுத்த மாதிரி.

ஆனா கேமு தர்மம் பாக்காது. நாம ஆடுற ஹார்னெட்டுக்கு ஆரம்பத்துல அஞ்சு உயிர்தான், பாஸ்னு சொல்ற பெரிய எதிரிங்க எல்லாம் ஒரு அடிக்கு ரெண்டு உயிரப் புடுங்குது, அப்ப மூணு அடிதான் நம்ம கணக்கு. உயிர் ஏத்திக்கணும்னா நூல் சேத்து வெச்சு மொத்தத்தையும் ஒரே தடவையில செலவு பண்ணணும், மூணு உயிர் சேந்தாப்புல வரும், ஏத்துற நேரத்துல அடி வாங்குனா நூலும் போச்சு உயிரும் போச்சு. இது எனக்குப் புடிச்சிருக்கு, உண்மையா சொல்றேன், ஏன்னா பயந்து பயந்து ஆடவும் முடியாது, கண்மூடித்தனமா பாயவும் முடியாது. புடிக்காதது என்னன்னா செத்ததும் திரும்ப பாஸ் கிட்ட நடக்கணும் பாருங்க, அந்த நட. லாஸ்ட் ஜட்ஜுன்னு ஒருத்தன், சங்கிலியில கட்டுன தூபக்கால் மாதிரி ஒண்ணு வெச்சு சுழட்டுவான், அவன்கிட்ட போய்ச் சேர மணல் காத்துல தாவித் தாவி, பறக்குற சனியனுங்களத் தாண்டிப் போகணும், தஞ்சோங் மாலிம் தாண்டுனதுல இருந்து ஈப்போ வரைக்கும் எனக்கு இதே வேலதான். ஈப்போ கிட்ட ஜன்னல்ல சுண்ணாம்புக் கல்லு மலையெல்லாம் வருது, பக்கத்து ஸீட்டு அங்கிள் போன்ல போட்டோ எடுக்குறாரு, அந்த நேரத்துல அவன் விழுந்தான். விழுந்தான்னு கையத் தூக்கறதுக்குள்ள ஒடம்பு வெடிச்சுது, அந்த வெடிக்கும் அடி உண்டு, நல்லவேள நான் தள்ளி நின்னேன். செத்தவன் கிட்டயும் ஜாக்கிரதையா இருக்கணும்னு கேமு செஞ்சவன் வெச்சிருக்கான் பாருங்க, அவன் புத்தி.

ஸ்டேஷனுக்கு அத்தை மகன், என் மச்சான், காடி (கார்) எடுத்துட்டு வந்திருந்தான். வீட்டுல தோசை, சம்பல், படுக்கை.

சனி

காலையில பசியாற மச்சானோட மகனக் கூட்டிட்டு டவுன்ல ஒட்டுக்கடைக்கு, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பையனுக்குப் பதினொரு வயசு, என்னைய மாமாம்பான். ரொட்டி சானாய் வர்றதுக்குள்ள அவன் கூட்டாளிங்க ரெண்டு பேரு வந்தாச்சு, ஒரு சீனப் பையன், ஒரு மலாய்க்காரப் பையன், கடை வைஃபைல மொபைல் லெஜண்ட்ஸ்னு போன் கேமு. மூணு மொழியும் ஒரே வாக்கியத்துல வருது, "வோய் ஜாகா லார்ட்லா, அவன் வர்றான் அவன் வர்றான்"னு (ஜாகான்னா காவல் காக்கிறது, லார்டுங்கிறது கேம்ல ஒரு பெரிய மிருகம்) இவன் கத்துறான், மத்த ரெண்டு பேருக்கும் புரியுது. அஞ்சுக்கு அஞ்சு ஆட்டம், ஒரு மேட்ச் பதினஞ்சு நிமிஷம் அப்படி இப்படி, நடுவுல நிறுத்தவே முடியாது. ரொட்டி வந்து ஆறிப் போச்சு, நான் சாப்பிடச் சொன்னா "மாமா இது ரேங்க், பாதியில போனா க்ரெடிட் ஸ்கோர் போயிடும்"னான், ஒழுங்கா ஆடுறதுக்கு கேமு போடுற மார்க்காம் அது. எங்க காலத்துல அத்தை கூப்புட்டா டிவிய அப்படியே அணைச்சிட்டு ஓடுவோம், இவனுங்களுக்கு ஓட வழியே வெக்கல கேமு.

அவன் ஆடுற ஹீரோ யாருன்னு பாத்தேன், கட்டோட்காச்சா. யாருன்னு தெரியுமாடான்னா தெரியாதுங்கிறான், டேங்க் மாமா, முன்னாடி நின்னு அடி தாங்குறவன், அடி வாங்குனா வாங்குனதத் திருப்பிக் குடுப்பான்ங்கிறான். நம்ம கடோத்கஜன்டா, பீமன் மகன்டா, ஜாவாக்காரன் வயாங் பொம்மைக் கூத்துல பறக்க விட்டு இந்தோனேசியா வழியா உன் போனுக்கு வந்திருக்கான்னு சொன்னேன், அதுக்கு அவன் "பீமன் இருக்காரா இந்த கேம்ல?"ன்னு கேட்டான். இல்லன்னதும் அவனுக்கு ஆர்வம் போச்சு. மலாய்க்காரப் பையன் பாடாங்க எடுத்திருந்தான், அது மலாய்க் கதையில வர்ற பலசாலி, அவனுக்கு அந்தக் கதை முழுசாத் தெரியுது, ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க போல.

எனக்கு இந்த மாதிரி ஆட்டம் ஒத்து வராது, எல்லாரும் எல்லாரையும் திட்டுறாங்க. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், 2024ல ரியாத்ல நடந்த எம்எஸ்சிங்கிற மொபைல் லெஜண்ட்ஸ் போட்டியில நம்ம நாட்டு டீமு சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் பைனல்ல பிலிப்பைன்ஸ் டீம 4க்கு 3ன்னு ஜெயிச்சாங்க பாருங்க, அந்தக் கதைய இந்த மூணு பயலுங்களும் பந்து வெளாட்டு மாதிரி கேம் கேமா சொல்றானுங்க, எவன் எந்த ஹீரோ எடுத்தான்னு வரைக்கும். சாயந்தரம் பாசார் மாலாம், அதான் ராச்சந்தைக்குப் போனோம், அப்பம் பாலிக் வாங்கினோம், மழை தூறுச்சு, வந்துட்டோம்.

ஞாயிறு

இன்னிக்கு எழுத நெறைய இருக்கு.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஹால்ல படுத்துக்கிட்டு ஸ்டார்டியூ ஆடிட்டிருந்தேன். மாமா, அதாவது அத்தை வீட்டுக்காரரு, நாற்காலிய இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்துட்டாரு. அவரு முப்பது வருஷத்துக்கு மேல பால்மரம் வெட்டுனவரு, இப்ப ரிட்டயர் ஆகி தாமான்ல (குடியிருப்புப் பகுதி) சின்ன வீடு. "என்னா மாப்ள, மண்ணு கொத்திக்கிட்டு இருக்க?"ன்னாரு. தோட்டம் மாமா, வெவசாயம் பண்ற கேமுன்னேன். அவருக்கு சிரிப்பு வந்துருச்சு. லீவு போட்டுட்டு வந்து மண்ணு கொத்துறியாங்கிறாரு.

ஸ்டார்டியூ பத்தி நான் புதுசா சொல்ல என்ன இருக்கு, 2016ல வந்த கேமு, எரிக் பரோன்னு ஒருத்தரே தனியா உக்காந்து படம், பாட்டு, கதை, ப்ரோக்ராம் எல்லாம் நாலு வருஷத்துக்கு மேல செஞ்சது. நான் விட்டு விட்டு ஆடுவேன், 1.6 அப்டேட் வந்ததுல இருந்து திரும்பப் புடிச்சிருக்கேன். ஆனா மாமா பக்கத்துல உக்காந்ததுக்கப்புறம் அது வேற கேமா ஆயிடுச்சு.

மொதல்ல அவரு கவனிச்சது கடிகாரத்த. கேம்ல நம்மாளு காலையில ஆறு மணிக்கு எந்திரிப்பான். "ஆறு மணிக்கா எந்திரிக்கிறான்? அந்நேரத்துக்கு நாங்க ஒரு நெறை முடிச்சிருப்போம்யா"ன்னாரு. நெறைன்னா மர வரிசை. பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுக்கிறது, அஞ்சு மணிக்கெல்லாம் போட்டுருவாங்களாம், நெத்தியில வெளக்கக் கட்டிக்கிட்டு இருட்டுலயே மரத்துக்குப் போயிடணும், வெயில் ஏற ஏற பால் ஓட்டம் கொறஞ்சிரும், விடியற நேரத்துலதான் மரத்துக்குள்ள அழுத்தம் அதிகம்.

அப்புறம் நான் ஒரு ஓக் மரத்துல டேப்பர மாட்டுனேன். டேப்பர்னா மரத்துல மாட்டுற ஒரு சின்ன வாளி, மாட்டிட்டு போயிட வேண்டியதுதான், ஓக்குன்னா ஒரு வாரத்துல பிசின் வரும், மேப்பிளுன்னா ஒம்பது நாளு, பைனுன்னா அஞ்சு நாளு. அந்த ஓக் பிசின் இருந்தாத்தான் கெக், அதாவது பீப்பாய் செய்ய முடியும், கெக் இருந்தாத்தான் ஒயின் போட முடியும், ஒயின் போட்டாத்தான் காசு. மாமா ஸ்க்ரீன் கிட்ட மூஞ்ச வெச்சுப் பாத்தாரு.

"வெட்டு எங்க?"

"வெட்டு இல்ல மாமா. மாட்டுனா போதும்."

"காயம் இல்லாம எப்புடியா பால் வரும்?"

நான் இதுக்கு என்ன பதில் சொல்றது. கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிச்சுப் போய் ஸ்டோர்ல இருந்து பால் வெட்டுற உளிய எடுத்துட்டு வந்துட்டாரு, வாயான்னாரு. தாமானுக்குப் பின்னால யாரோ சின்னத் தோட்டக்காரங்களோட பழைய பால்மரம் கொஞ்சம் நிக்குது, ஒருத்தரும் வெட்றது இல்ல, லாலாங் புல்லு ஆள் ஒசரத்துக்கு. ஒரு மரத்தத் தடவிப் பாத்தாரு, அங்கங்க முண்டு முண்டா இருந்துச்சு, "எவனோ கைப்பழக்கம் இல்லாதவன் ஆழமா எறக்கியிருக்கான், மரக்கட்டையில பட்டா இப்புடித்தான் முண்டு கட்டும், அப்புறம் அந்த எடத்துல உளி ஓடாது"ன்னாரு. நல்ல பட்டை இருந்த எடமாப் பாத்து, மேல எடது பக்கத்துல உளிய வெச்சு, சாய்வா வலது பக்கம் கீழ வரைக்கும் ஒரே இழுப்பு இல்ல, குட்டிக் குட்டியா இழுத்து இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் காலு ஒரு அடி நகருது. பட்டை சுருள் சுருளா விழுந்துச்சு, ஒண்ணு கையில எடுத்துப் பாத்தேன், ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும், அதுக்கு மேல இல்ல. வெட்டுன எடத்துல மொதல்ல ஒண்ணும் தெரியல, அப்புறம் வெள்ளையா புள்ளி புள்ளியா வேர்த்துச்சு, புள்ளியெல்லாம் சேந்து கோடாச்சு, கோடு சாய்வுல எறங்கி ஓட ஆரம்பிச்சுது. பால் புடிக்கிற மங்கு இல்ல, நான் மினரல் வாட்டர் பாட்டில பாதியா வெட்டிப் புடிச்சேன். வயசு எழுபது தாண்டிருச்சு, உளி புடிச்சா கை நடுங்கல.

வெட்டுன பட்டை திரும்ப மொளச்சு வர ஏழெட்டு வருஷம் ஆகும்ங்கிறாரு. அதனாலதான் அந்த ஒரு மில்லிமீட்டருக்கு அவ்ளோ கணக்கு, கனமா வெட்டுனா மரத்தோட ஆயுசு கொறையும், மெல்லிசா வெட்டுனா பால் வராது. ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் இப்படி. அதுக்கப்புறம் மங்குல இருக்கிறத ஊத்தி, வாளியில தூக்கிட்டுப் போய், கணக்கெழுதுற கிராணி முன்னாடி நிறுத்து, பால்ல தண்ணி எவ்ளோ ரப்பர் எவ்ளோன்னு மெட்ரோலாக்குங்கிற கருவியில பாத்து, அதுல ஏதாவது கொறச்சலுன்னா வாக்குவாதம், வெட்டுல ஒட்டிக் காஞ்ச ஒட்டுப்பால், மங்குல ஒறஞ்ச கட்டிப்பால், இதுக்கெல்லாம் தனிக் கணக்கு. ஸ்டார்டியூல விக்கிறதெல்லாம் ஒரு பொட்டியில போட்டா மறுநாள் காசு வந்துரும், எவனும் நிறுத்துப் பாக்க மாட்டான். மாமா அதப் பாத்துட்டு இந்த ஊர்ல கிராணியே இல்லியான்னு ரொம்ப ஆச்சரியப்பட்டாரு.

வீட்டுக்கு வந்து கேமோட ஆரம்பக் கதையச் சொன்னேன், ஹீரோ பெரிய கம்பெனியில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து நொந்து போயி, தாத்தா எழுதி வெச்சிட்டுப் போன லெட்டரப் பிரிப்பான், பாத்தா அவன் பேருக்கு ஒரு தோட்டம், அங்க போயிடுவான், மூணாவது வருஷம் தாத்தா ஆவியா வந்து நல்லா பண்ணியான்னு மார்க் போடுவாரு, மெழுகுவத்தி ஏத்துவாரு.

"தாத்தா எழுதி வெச்சதா"ன்னாரு மாமா. அவ்ளோதான் சொன்னாரு, ஆனா எனக்கு அது உள்ள போய்த் தச்சுச்சு, ஏன்னா இத்தன வருஷமா ஆடுறேன், அந்த லெட்டர் எனக்கு ஒரு விஷயமாவே தோணல, டக்குனு ஸ்கிப் பண்ணிருவேன். எங்க தாத்தா, அவரோட அப்பா, எல்லாரும் இந்த மண்ணுல ஆயிரக்கணக்கான மரம் வெட்டியிருக்காங்க, எழுதி வெக்க ஒரு மரம் கெடையாது. தோட்டத்துல குடுத்த லயன் வீடு கூட வேல இருக்கிற வரைக்கும்தான், வேல முடிஞ்சா சாமான எடுத்துட்டுக் கெளம்பணும், மாமா இந்த வீட்ட வாங்குனதே சேமநிதி காசுலதான். சுதந்திரத்துக்கு அப்புறம் வெள்ளக்காரக் கம்பெனிங்க தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டுப் போனப்ப தொழிலாளிங்க நடுத்தெருவுல நின்னாங்க, அப்பதான் இதே ஊர்க்காரரு துன் வீ.தி. சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, தோட்டத்து ஆளுங்க கையில இருக்கிறதச் சேத்து அவங்களே தோட்டம் வாங்கட்டும்னு. மாமாவோட அப்பா அதுல பங்கு எடுத்திருக்காரு. அந்தப் பத்திரம் இன்னும் இருக்குதுன்னு அத்தை அலமாரியெல்லாம் தேடுச்சு, கெடைக்கல, மாமாவோட பொறப்புப் பத்திரம்தான் கெடச்சுது.

திங்கள்

விடியறதுக்கு முன்னாடியே மழை, நிக்கவே இல்ல. ஸ்டார்டியூல மழை நாளுன்னா எனக்குக் கொண்டாட்டம், செடிக்குத் தண்ணி ஊத்தற வேல மிச்சம், சொரங்கத்துக்குப் போகலாம், மீன் புடிக்கலாம். மாமா ஜன்னல் கிட்ட நின்னு, "பட்டை நனைஞ்சிருந்தா வெட்ட முடியாது, பால் கோட்ட விட்டு மரமெல்லாம் வழிஞ்சு வீணாப் போயிடும், மழன்னா அன்னிக்கு வேலயும் இல்ல கூலியும் இல்ல"ன்னாரு.

அத்தைக்கு வெண்பா காட்டினேன். 2023ல வந்துச்சு, கனடா டொராண்டோல இருக்கிற விசை கேம்ஸ் செஞ்சது, 80கள்ல கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், வெண்பா, பாவலன், அவங்க பையன் கவின். அம்மா குடுத்து விட்ட சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சு அழிஞ்சு போயிருக்கும், நாமதான் யோசிச்சு இட்லி, புட்டு, பிரியாணின்னு சமைக்கணும். சின்ன கேமு, ஒரு மத்தியானத்துல முடிஞ்சிரும், பிரிட்டன்ல குடுக்கிற பாஃப்டா கேம் விருதுல 2024ல சிறந்த முதல் கேம் விருது வாங்குச்சு. அத்தைக்கு ஸ்விட்ச் புடிக்கத் தெரியல, நான் புடிச்சேன், அது சொல்லச் சொல்ல அழுத்துனேன். குறிப்புல அழிஞ்ச எடம் எதுவும் அத்தைக்குத் தேவையே இல்ல, புட்டுக்குழல் வந்ததும் "மொதல்ல சில்லப் போடு, அது இல்லாம மாவக் கொட்டுனா கீழ கொட்டிரும்"னு கேமு கேக்கறதுக்கு முந்தியே பதிலு. புதிர் போட்டவனுக்கு மரியாதையே இல்லாமப் போச்சு. எனக்கு மொத தடவ ஆடறப்ப அந்த யோசிக்கிறதுதான் சுகமா இருந்துச்சு, அத்தைக்கு அந்த சுகம் கெடையாது, அது நேரா கதைக்குப் போயிருச்சு. கவின் பெரிய பையனாகி அம்மா ஃபோனுக்குப் பதில் போடாம இருக்கிற எடத்துல அத்தை ஒண்ணும் பேசல. அப்புறம் "இந்தப் பய ஏன்டா இப்புடி இருக்கான்"ன்னு கவினத் திட்டுனது நிக்க ரொம்ப நேரமாச்சு, அதுல பாதி ஜொகூர்ல இருக்கிற சின்ன மச்சானுக்குப் போய்ச் சேர வேண்டியது.

செவ்வாய்

மழை விட்டுச்சு, மச்சான் காடியில மாமா, பையன், நான், கோலகங்சாருக்கு. போற வழி முழுக்க செம்பனை, ரெண்டு பக்கமும், கித்தாக் காடுன்னு, அதான் ரப்பர் தோட்டம்னு, மாமா கை காட்டுற எடமெல்லாம் இப்ப செம்பனைதான். செம்பனைக் குலை வெட்டுறவங்க பங்களாதேஷ், இந்தோனேசியாவுல இருந்து வந்தவங்க.

போனது ஒரு மரத்தப் பாக்க. பிரேசில்ல இருந்து 1876ல கொண்டு போன வெத, லண்டன்ல மொளைக்க வெச்சு, 1877ல சிங்கப்பூருக்கு வந்த நாத்துல ஒம்பத கோலகங்சார்ல நட்டாங்க, அதுல ஒண்ணு இன்னும் மாவட்ட அலுவலகம் பக்கத்துல நிக்குது. வேலி போட்டு போர்டு வெச்சிருக்காங்க. பையன் போர்ட மலாய்ல படிச்சுட்டு "இதுதான் எல்லா மரத்துக்கும் தாத்தாவா?"ன்னான். மாமா வேலிக்கு வெளிய நின்னு பட்டையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு, இத வெட்ட முடியாது, வெட்டுனாலும் ஒண்ணும் வராதுன்னு முடிவு சொல்லிட்டு லக்சா சாப்பிடப் போலாம்னாரு.

லக்சா கடையில பையன் என்கிட்ட உப்பின் இப்பின் யுனிவர்ஸ் வாங்கிக் குடுங்கன்னு ஆரம்பிச்சான். 2025 ஜூலைல வந்த மலேசிய கேமு, ஸ்ட்ரீம்லைன் ஸ்டூடியோஸ் செஞ்சது, வந்தப்ப வெல 150 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல, அதுக்கே நாட்டுல பெரிய சண்டை நடந்துச்சு. கூட்டாளி வீட்டுல ஆடியிருக்கானாம், கேம்ல வர்ற கம்போங் டூரியான் ருந்துங்கிற கிராமத்துல சுத்தலாம், ராஜூவப் பாக்கலாம், அங்கிள் முத்து கடைக்குப் போலாம். எனக்கு அந்த கேமு மேல ஒரு பாசம் உண்டு, நம்ம ஊரு கடைய, கம்போங் வீட்ட ஸ்க்ரீன்ல பாக்கறது தனி சந்தோஷம்தான், 150 வெள்ளி சந்தோஷமான்னு கேட்டா வெலயில கழிவு போடட்டும்னு காத்திருப்பேன். அதுல தோட்டம் வருதாடான்னு மாமா கேட்டாரு. கம்போங்தான் தாத்தா, தோட்டம் இல்லன்னான்.

அப்ப நாமளே ஒண்ணு செய்யலாம்னு பையனுக்கு வேகம் வந்துருச்சு. ஆனா அவன் செய்யறது மொபைல் லெஜண்ட்ஸ்தான், மாமாதான் ஹீரோ. மொத ஸ்கில்லு உளி, சாய்வா ஒரு வெட்டு, எதிரிக்கு ரத்தம் நிக்காம ஒழுகும். ரெண்டாவது ஒட்டுப்பால், தரையில ஊத்துனா காலு ஒட்டிக்கும், எவனும் ஓட முடியாது. மாமா ரொம்ப சீரியஸா கேட்டுக்கிட்டு, ஒட்டுப்பால் தரையில ஊத்த மாட்டோம், மரத்துலதான் இருக்கும், கட்டிப்பால் போடு, அதுக்கு நாத்தமும் உண்டு, எதிரி பக்கத்துலயே வர மாட்டான்னு திருத்துனாரு. பாசிவ், அதாவது எப்பவும் கூடவே இருக்கிற சக்தி, என்னன்னா காலையில அஞ்சு மணிக்கு எல்லாருக்கும் முன்னாடி ஆட்டத்துக்குள்ள வந்துருவாரு.

"அல்டிமேட், அந்தப் பெரிய சக்தி, என்ன தாத்தா?"

மாமா லக்சா தண்ணியக் குடிச்சு முடிச்சிட்டு, "மழ"ன்னாரு. மழ வந்தா மொத்த மேப்புலயும் ஒருத்தனும் வேல செய்ய முடியாது, எதிரியும் நிக்கணும், நம்மாளும் நிக்கணும்.

அது ரொம்ப ஓவர், அடுத்த அப்டேட்லயே நெர்ஃப் பண்ணி பலத்தக் கொறச்சிருவாங்கன்னான் பையன். கூலியும் கெடைக்காதுடா அன்னிக்குன்னாரு மாமா.

"ஓ, கோல்டும் வராதா? அப்ப ஓகே தாத்தா, பேலன்ஸா இருக்கு"ன்னு எழுதிக்கிட்டான்.